மறைக்காத அன்பு

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பார்கள் நம் பெரியோர். ஆனால் அப்படி ஊட்டி வளர்த்த பிள்ளையிடம் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதா, மறைப்பதா என்று கேட்டால், நம்மில் பலர் வாயடைத்துப் போகிறோம். தத்துப்பிள்ளை உள்ள வீட்டில் அந்தச் சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். உறவினர் அறிவர்; அண்டை அயலார் அறிவர்; அந்தப் பிள்ளை ஒன்றுதான் அறியாது. இந்த வழக்கம் சரிதானா என்று என்னை எண்ண வைத்தது, அமெரிக்காவில் நான் கண்ட ஓர் எளிய குடும்பம்.

ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 2018ஆம் ஆண்டு அக்டோபரில், மினசோட்டா மாநிலத்தில் வாழும் என் மகளின் இல்லத்துக்குச் சென்று ஆறு மாதங்கள் தங்கினேன். அடுத்த வீட்டில் என் மகளின் பங்கைச் சேர்ந்த ஓர் அமெரிக்கத் தம்பதியர் வாழ்ந்தனர். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். எட்டு வயது மூத்தவனும் மூன்று வயதுக் கடைக்குட்டியும் பொன்னிறத் தலைமுடி கொண்டவர்கள். நடுவில் ஐந்து வயதுப் பெண். கருங்கூந்தல், கருவிழி, மேலுதட்டில் மெல்லிய கோடாக ஒரு தழும்பு. 2016இல், இரண்டரை வயதில், சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு வந்தவள். பிளவுற்ற உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவள். உதட்டுக்குச் சீனாவிலும் அண்ணத்துக்கு அமெரிக்காவிலும் அறுவை மருத்துவம் செய்யப்பட்டிருந்தது.

என் பேத்திக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஆகவே காலையில் இரு வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவதில் நானும் பங்கு கொண்டேன். அந்நாட்டுக் குளிர்காலத்தில் ஒரு குழந்தையை வெளியே அனுப்புவது, போர்வீரனுக்குக் கவசம் பூட்டுவது போன்றது. கம்பளிச் சட்டை, பனிக்கால்சட்டை, கையுறை, குல்லாய், முழங்காலளவு காலணி. எல்லாம் பூட்டி முடித்த பிறகுதான், வழியனுப்ப உடன் வரும் கடைக்குட்டிக்குச் சிறுநீர் முட்டும்! காலணி இடம் வலம் மாறியதற்கும், நீலக் கரண்டி யாருக்கு என்பதற்கும் நாள்தோறும் வழக்கு. அந்தத் தாய் தன் நடு மகளுக்கென்று கூடுதல் செல்லமும் கொடுக்கவில்லை. ஏச்சில் குறைவும் வைக்கவில்லை. நான் ஆவி பறக்க இட்டிலி கொண்டு சென்றால், மற்ற இருவரும் முகம் சுளிக்க, அவள் மட்டும் மூன்று தின்பாள். "பாட்டி, இன்னும் ஒன்று" என்று அவள் தமிழில் கேட்கப் பழகியது என் பேத்தி செய்த கைங்கரியம்.

ஒருநாள் கடையில் ஒரு மூதாட்டி அந்தத் தாயிடம், "இவர்களில் உன் உண்மையான பிள்ளைகள் எவர்?" என்று வினவினார். அவளோ புன்னகை மாறாமல், "மூவருமே உண்மையானவர்கள்தாம். கிள்ளினால் மூவரும் அழுவார்கள்" என்றாள்.

சீன நாட்டில் ஏறத்தாழ 1980 முதல் 2015 வரை பிள்ளைப்பேற்றுக்கு அரசு கடுமையான வரம்பு விதித்திருந்தது. ஆண் மகவை விரும்பும் வழக்கமும் மருத்துவச் செலவின் அச்சமும் சேர, பெண் குழந்தைகளும் உடற்குறையுள்ள குழந்தைகளும் மிகுதியாகக் கைவிடப்பட்டனர். குழந்தையைக் கைவிடுதல் அங்கே குற்றமாதலால், பெற்றோர் தம் பெயரை விட்டுச் செல்வதில்லை. 1992இல் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டத்தின் வழி, அமெரிக்காவுக்கு மட்டும் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர் தத்தெடுப்பது நீங்கலாக, வெளிநாட்டுத் தத்தெடுப்பைச் சீனா முடித்துக்கொண்டதாக அறிவித்தது.

இந்த வரலாற்றின் ஒரு சிறு துளி அவ்வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியில் இருந்தது. பெற்றோரைத் தேடி அனாதை இல்லத்தார் நாளேட்டில் வெளியிட்ட அறிவிப்பின் நறுக்கு, இல்லத்துப் பணிப்பெண் அவளை ஏந்தி நிற்கும் நிழற்படம், ஒரு சிறு சட்டை. அவளுடைய பிறந்தநாள்கூடக் கணிப்பே. அப்பெட்டிக்குப் பூட்டு இல்லை. அவள் விரும்பும்போதெல்லாம் அதைத் திறக்கலாம்.

2019 பெப்ரவரி 5ஆம் நாள் சீனப் புத்தாண்டு. நம் கொழுக்கட்டையை ஒத்த பண்டம் ஒன்றைச் செய்ய நானும் பேத்தியும் அவர்கள் சமையலறையில் கூடியிருந்தோம். மாவை மடித்துக்கொண்டிருந்த அச்சிறுமி, தலை நிமிராமலே, "அம்மா, என்னை வயிற்றில் சுமந்த அம்மாவுக்கு என் உதட்டைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள்.

என் நெஞ்சு திடுக்கிட்டது. அந்தத் தாய் கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு, அவளருகே மண்டியிட்டாள். "அவர் ஏன் உன்னை விட்டுச் சென்றார் என்று எனக்குத் தெரியாது, மகளே. தெரிந்தால் உன்னிடம் சொல்வேன். உன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் படம் முதன்முதலில் வந்தபோது, இந்த உதட்டைத்தான் நான் முத்தமிட்டேன் என்பதும் தெரியும்" என்றாள். சிறுமி சற்று நேரம் தாயின் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கொழுக்கட்டைக்குப் பூரணம் போதவில்லை என்று முறையிட்டாள்.

பிள்ளைகள் விளையாடச் சென்றபின், "வறுமையால்தான் விட்டுச் சென்றார் என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கலாமே?" என்றேன். அவள் சொன்ன மறுமொழி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. "அழகான கதை ஒன்றை நான் புனைந்து சொன்னால், ஒருநாள் அது கதை என்று அவள் அறிவாள். அன்று நான் சொன்ன எல்லாவற்றையும் ஐயுறுவாள். அவளை நேசிக்கிறேன் என்று சொன்னதையும்."

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். கண்ணை இமை காப்பதுபோல் வளர்க்கப்பட்டவள். தான் தத்துப்பிள்ளை என்பதை, இருபத்து நான்காம் வயதில், திருமணப் பேச்சு நடந்தபோது பிறர் வாயால் அறிந்தாள். வளர்த்தவர்கள்மீது அவள் வைத்த பாசம் குறையவில்லை. ஆயினும், "எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதே" என்ற சொல் பல ஆண்டுகள் அவளை விட்டு அகலவில்லை.

நம்மவர் மறைத்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. பிள்ளை நம்மை விட்டு விலகிவிடுமோ என்ற அச்சம் ஒன்று. ஊராரின் ஏளனம் மற்றொன்று. சட்டத்தின் துணையும் நெடுங்காலம் இல்லை. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தவில்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாம் பாதுகாவலராக மட்டுமே ஆக முடிந்தது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே எல்லாச் சமயத்தாருக்கும் தத்தெடுக்கும் வழியைத் திறந்தது. 2015ஆம் ஆண்டின் சட்டப்படி, தத்தெடுத்த பிள்ளை வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நிகரான பிள்ளையே. வளர்ந்த பிள்ளை தன் பிறப்பின் வேர்களைத் தேடவும் விதிமுறைகள் இடமளிக்கின்றன. சட்டமே மறைக்கச் சொல்லாதபோது நாம் ஏன் மறைக்க வேண்டும்?

சொல்வதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பொருள் புரியும் முன்பே, தாலாட்டோடு சேர்த்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கலாம். வயதுக்கேற்ற அளவில் உண்மை போதும். பெற்றவளை இழித்துப் பேச வேண்டாம். இல்லாத பெருமையைப் புனையவும் வேண்டாம். "உன்னை எடுத்து வளர்த்தோமே" என்று நன்றிக்கடன் கேட்பதோ அறவே கூடாது. சோறூட்டியதற்கு எந்தப் பிள்ளையிடம் நாம் பற்றுச்சீட்டு எழுதி வாங்குகிறோம்?

திருச்சபை புனித சூசையப்பரை இயேசுவின் வளர்ப்புத் தந்தை என்று வெளிப்படையாகவே அழைக்கிறது. அச்சொல்லால் அவருடைய மாண்பு அணுவளவும் குறைந்ததில்லை. நாசரேத்து வீட்டின் அன்பும் குறைந்ததில்லை. நம் இல்லங்களிலும் அச்சொல் அச்சமின்றி ஒலிக்கட்டும். பிள்ளை தன் கதையை முதன்முதலில் கேட்பது, தன்னை மடியில் வைத்திருப்பவரின் வாயிலிருந்தாக இருக்கட்டும்.