ஒரு பைட்கூட மாறக் கூடாது

அச்சகத்தில் அடித்த பில் தாள்களை வாங்கி அடுக்கிவைக்கும் வழக்கம் பல கடைகளில் இன்று இல்லை. லோகோ, கட்டங்கள், நிபந்தனைகள் எல்லாம் ‘மேக்ரோ’வாக லேசர் பிரிண்டருக்குள்ளேயே இருக்கின்றன. பில்லிங் சாஃப்ட்வேர் பெயரையும் தொகையையும் மட்டும் அனுப்பினால் போதும். ஹெச்பியின் பிசிஎல் மொழியில் மேக்ரோவுக்கு 0 முதல் 32767 வரை ஏதாவது ஓர் எண் கொடுக்கிறோம். ‘ஓவர்லே’ போட்டுவிட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வேலையாகப் படிவத்தை பிரிண்டரே வரைந்துவிடும்.

கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் சில பைட்டுகளே ஆகும். தமிழ்த் தலைப்புதான் இடம் பிடிக்கும். பெரும்பாலான பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். முழு ஏ4 பக்கத்தையும் 300 டிபிஐயில் கறுப்பு வெள்ளைப் படமாக்கினால், சுருக்காத நிலையில் 1 எம்பியைத் தாண்டும். 600 டிபிஐ என்றால் நான்கு மடங்கு. அதனால் தலைப்பை மட்டும் படமாக்கி, மற்றதைக் கட்டளைகளாகவே எழுதுவேன்.

எழுதியதை அனுப்பும்போதுதான் வம்பு. நடுவில் இருக்கும் எதுவும் கோப்பைத் திருத்தக் கூடாது. டிரைவர் வழியாகப் போனால், கட்டளைகளே எழுத்துகளாகத் தாள் தாளாக அச்சாகிவிடும். எஃப்டிபியை ‘பைனரி’க்கு மாற்ற மறந்தால், வரி முடிவுக் குறி வரும் இடங்களிலெல்லாம் கூடுதலாக ஒரு பைட் நுழையும்; லோகோ சிதைந்துபோகும். விண்டோஸ் காப்பி கட்டளையில் ‘பி’ குறியை விட்டால், படத்தில் 26 என்ற பைட் வந்ததும் கோப்பு முடிந்ததாக நினைத்து அங்கேயே நின்றுவிடும். நான் நம்புவது பிரிண்டரின் 9100 என்ற நெட்வொர்க் போர்ட்டைத்தான். கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

மேக்ரோவை ‘பெர்மனென்ட்’ ஆக்கினாலும் அது ரீசெட்டுக்கு மட்டுமே தாங்கும். கரண்ட் போனால் மெமரியில் இருந்தது போய்விடும். காலையில் முதல் பில்லில் கட்டமே இல்லாமல் எண்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். பிரிண்டரில் ஹார்டு டிஸ்க்கோ ஃபிளாஷ் மெமரியோ இருந்தால் அதில் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் தினமும் பிரிண்டரை ஆன் செய்ததும் படிவம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

படிவத்தின் கீழ் மூலையில் திருத்திய தேதியைச் சிறிய எழுத்தில் போட்டுவையுங்கள். எந்தப் பிரிண்டரில் பழையது இருக்கிறது என்று பார்த்ததும் தெரியும். இன்னொன்று: 9100 போர்ட் பாஸ்வேர்டு கேட்பதில்லை. நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் உங்கள் படிவத்தை மாற்றிவிட முடியும். பில் அனுப்பும் கணினிகளுக்கு மட்டும் அந்த வழியைத் திறந்துவிட்டு, மற்றவற்றுக்கு அடைத்துவிடுங்கள்.