லாரியின் முதுகில் ஒரு சாபம்

வடபுலத்துச் சாலைகளில் நம்மை முதலில் எதிர்கொள்பவை லாரிகளின் பின்புற எழுத்துகளே. 'புரி நஸர் வாலே, தேரா முஹ் காலா' என்பதற்குப் பொருள் கேட்டறிந்த நம் முதியோர் திடுக்கிடுவர்: தீய கண்ணுடையோய், உன் முகம் கரியாகுக! ஆனால் அது நம்மூர்த் திருஷ்டிப் பூசணியின் உடன்பிறப்பு. வண்டியைக் காக்கும் வேடிக்கை வசவு.

'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்னும் வரியையோ அரசே மெய்யெனக் கொண்டது. வீண் ஒலியைத் தூண்டுகிறதென்று மகாராஷ்டிரம் 2015இல் அதற்குத் தடை விதித்தது.

ஒரு மொழியைக் கற்றுவிடலாம். அம்மொழியார் எங்கே நகைக்கின்றனர் என்றறிவதே அரிது. அதுவரை அயலார் கடுமையானவராகவே தோன்றுவர். அறிந்தபின், அதே லாரியைக் கண்டு நம் பிள்ளைகளோடு நாமும் சிரிக்கிறோம். அன்றுதான் இவ்வூர் நமக்கும் ஊராகிறது.