இருபது ரூபாய்ப் பத்திரம்

ரிட்டயர் ஆன பணத்தில் வீடு கட்டத் தொடங்கியபோது அப்பா மேஸ்திரியோடு போட்ட ஒப்பந்தம், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஒரே ஒரு பக்கம். சதுர அடிக்கு இவ்வளவு, ஆறு மாதத்தில் சாவி, இரண்டு சாட்சிக் கையெழுத்து. "நம்ம ஊர்க்காரர்தானே, எல்லாத்தையும் எழுதிக்கிட்டா இருப்பாங்க?" என்றார்.

எழுதாததன் விலை லிண்டல் மட்டத்தில் தெரிய ஆரம்பித்தது. சன்ஷேடு சதுர அடிக் கணக்கில் சேருமா? மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்? செப்டிக் டேங்க், சம்ப்? பத்திரத்தில் இல்லாத எல்லாமே 'எக்ஸ்ட்ரா'. கடைக்காலுக்கு இவ்வளவு, பேஸ்மட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பிரிக்காமல், கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்திருந்தார். எழும்பிய சுவரைவிடக் கொடுத்த பணம் அதிகமாகிவிட்டால், பிறகு கெஞ்ச வேண்டியது வீட்டுக்காரர்தான்.

அதைவிடப் பெரிய பேச்சு தளம் போட்ட அன்று வந்தது. நாங்கள் அனுமதி வாங்கியிருந்தது தரைத்தளத்துக்கு மட்டும். "மேல ரெண்டு ரூம் ஏத்திடலாம் சார். யாரு வந்து பாக்கப் போறா? பின்னாடி கவர்மென்ட்டே ரெகுலரைஸ் பண்ணிக் குடுத்துரும்" என்றார் மேஸ்திரி.

அவர் சொன்னது வெறும் வாய்ச்சவடால் இல்லை. 1998இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த வழிசெய்தார்கள். 2017இல் அனுமதியற்ற மனைகளுக்கும் அப்படியொரு திட்டம் வந்தது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஊரில் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் வீட்டை விற்கப் போனால் வாங்குபவரின் வக்கீல் பிளானைத்தான் முதலில் கேட்பார். நோட்டீஸ் வந்தால் அது மேஸ்திரி பெயருக்கு வராது.

நான் சட்டம் பேசவில்லை. "இந்தக் கடைக்கால் எத்தனை மாடிக்குப் போட்டதுண்ணே?" என்று மட்டும் கேட்டேன். "தாங்கும்" என்றார். எந்தக் கணக்கில் என்பதற்குப் பதில் இல்லை.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அனுமதி வாங்கிய கட்டடம் அது. ஆக, முத்திரை குத்திய காகிதம் மட்டும் எந்தத் தூணையும் தாங்கிப் பிடிக்காது. மண்ணையும் கம்பியையும் யாரோ ஒருவர் பொறுப்பாகக் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளர்கள். எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் கையெழுத்து இருந்திருக்காது.

எங்கள் பத்திரத்திலும் சித்தாள்கள் இருவரின் பெயர் இல்லை. "ஏதாவது ஒண்ணுன்னா முதல்ல கீழ நிக்கிறது அந்த அக்காங்கதான்பா" என்றேன். அப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. மறுநாள் மேல்வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு இன்ஜினியரைத் தேடிப் போனார். மீதி வேலைக்கான புது ஒப்பந்தம் நான்கு பக்கம் வந்தது.

மொட்டைமாடித் தூண்களில் கம்பிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன, துருப்பிடிக்காமலிருக்க சிமென்ட் பால் பூசியபடி. "மேல ஏத்தலையா?" என்று கேட்பவர்களிடம் அப்பா சொல்வது ஒன்றுதான்: "மொதல்ல பிளான் வரட்டும்."