இரைச்சலும் எழுத்தும்

எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்றிலேயே தொடங்குகிறார். அக்காற்று ஒலிநாடாவில் பதிந்துவிட்டால் எது எழுத்து, எது வெறும் இரைச்சல் எனப் பகுப்பது எளிதன்று.

2002-ஆம் ஆண்டு எம்.ஃபில். ஆய்வுக்காக மூதாட்டியர் சிலரின் பாடல்களைப் பதிவு செய்தேன். அவருள் என் உம்மம்மாவும் ஒருவர். நூறு மசலாவின் பகுதிகளையும் தாலாட்டுகளையும் ஏட்டைப் பாராமலே இசைப்பார். அவர் மறைந்தபின் அக்குரலுக்கு வேறு பிரதி கிடையாது. நாடா நலிவதற்குள் அதனைக் கணிப்பொறிக்கு மாற்ற முனைந்தேன்.

கணிப்பொறியின் உள்ளே எழும் மின்சலசலப்புப் பதிவில் கலவாதிருக்க, யு.எஸ்.பி. வழி இணையும் வெளி ஒலியட்டை நல்லது. ஆனால் மலிவான சிறு கருவிகள் பலவற்றில் மைக்குக்குரிய வாயில் மட்டுமே இருக்கும். டேப் ரிக்கார்டரின் வலிய ஒலி அதனுட் புகுந்தால் சிதைந்துவிடும். 'லைன் இன்' வாயில் உள்ளதையே தேடி வாங்குக. மென்பொருளோ பழைய கூல் எடிட் புரோ. 2003-இல் அடோபி நிறுவனம் வாங்கி, ஆடிஷன் எனப் பெயர் மாற்றியது. இத்தகைய பழைய மென்பொருள்களைத் திறக்குமுன்பே ஒலியட்டையைச் செருகிவிட வேண்டும். பின்னர்ச் செருகினால் பலவேளை அவை கண்டுகொள்வதில்லை. (புது விருந்தினரை அறியாத பழைய வீட்டுக்காவலர் போலும்!)

பாட்டுக்கு முன்னுள்ள ஓரிரு நொடி வெற்றிரைச்சலை மாதிரியாகக் காட்டினால், மென்பொருள் அதன் அதிர்வெண்களை அளந்து பதிவு முழுவதிலும் குறைக்கும். இங்கேதான் இடர். நாடாவின் 'உஸ்' என்னும் ஓசை உயர் அதிர்வெண்களில் நன்கு கேட்கும். ஸகர, ஷகர உரசலும் அங்கேயே வாழ்வது. குறைப்பை மிகுத்தால் இரைச்சலோடு 'ஸலாம்' என்பதன் முதலெழுத்தும் தேய்கிறது. குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் கொப்புளிக்கிறது. பொறிக்கு எழுத்திலக்கணம் தெரியாது. ஆதலின் குறைப்பைச் சிறிதளவே வைத்தேன். தீண்டாத மூலப்பதிவையும் தனியே காத்தேன். சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் பேணியது இதனினும் அரிய பணி, நெறி ஒன்றே.

உதவிக்கு வந்த மாணவர், ஒரு தாலாட்டில் இடையறாது கேட்ட 'கிரீச்' ஒலியைச் சுட்டி, "ஐயா, இதையும் நீக்கிவிடலாமா?" என்றார். அது என் தங்கை மகள் உறங்கிய தொட்டிலின் கொக்கி. உம்மம்மா ஆட்டிய கைக்கு ஏற்பவே அடிகள் நீண்டும் குறுகியும் வந்தன. வேண்டாம் என்றேன். தங்கை மகளுக்கு அனுப்பிய பிரதியிலும் அவ்வொலி இருக்கிறது.