உதிரிபாகம்

உதிரி என்ற சொல்லைத் தஞ்சாவூரில் இரண்டு இடங்களில் அதிகம் கேட்கலாம். ஒன்று பூக்காரத் தெரு. அங்கே தொடுத்த பூவுக்கு முழக்கணக்கு, உதிரிப்பூவுக்கு எடைக்கணக்கு. மற்றொன்று வண்டிப் பட்டறைகள். பூவின் உதிரி தொடுப்பதற்கு முந்தைய நிலை. வண்டியின் உதிரியோ எதிலிருந்தும் உதிராமல், எதற்கென்றும் சொல்லப்படாமல், அட்டைப் பெட்டிக்குள் காத்திருக்கும் ஒன்று. தமிழ் படித்தவனுக்கு இந்த வேறுபாடு வேடிக்கையாகத் தோன்றும். சாமான் கிடைக்காமல் அலைகிறவனுக்கு அவ்வளவு வேடிக்கையாக இருக்காது.

நான் அலைந்தது அப்பாவின் மின்சார ஸ்கூட்டருக்காக. அவர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வடுவூருக்கு அருகே எங்கள் ஊர். வாழ்நாளெல்லாம் சைக்கிளில் போனவர். பெட்ரோல் வண்டி ஓட்டியதில்லை, உரிமமும் கிடையாது. முழங்கால் தேய்ந்து சைக்கிளை மிதிக்க முடியாமல் போனபோதுதான் இந்த வண்டி அவர் கண்ணில் பட்டது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம் என்பது விதி. போதாததற்கு, மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2010 நவம்பரில் மானியம் அறிவித்திருந்தது. தொழிற்சாலை விலையில் ஐந்தில் ஒரு பங்கு. இத்தகைய மெதுவண்டிகளுக்கு உச்சவரம்பு 4,000 ரூபாய். 2011இல் வாங்கினார். வடவாற்றுக் கரை, வயல், கூட்டுறவுச் சங்கம், நூலகம், தேநீர்க் கடை என்று அவருடைய உலகம் மறுபடியும் பழைய அளவுக்கு வந்தது.

வண்டியின் பெயர் இந்தியப் பெயர். உள்ளே இருந்ததெல்லாம் சீனம். அந்த ஆண்டுகளில் சீனத்தின் பல நகரங்கள் பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்குத் தடையோ கட்டுப்பாடோ விதித்திருந்தன. அதனால் மின்சார வண்டித் தொழில் அங்கே ஆண்டுக்கு இரண்டு கோடி என்ற அளவைத் தாண்டி வளர்ந்திருந்தது. தியான்ஜின், வூசி போன்ற ஊர்களில் செய்த பாகங்கள் பெட்டி பெட்டியாக இங்கே வந்திறங்கும். இங்கே பூட்டி, ஒட்டுப்படம் ஒட்டி விற்பார்கள். 2012 மார்ச் 31ஆம் நாளோடு மானியம் முடிந்தது. அடுத்த சில மாதங்களில் விற்றவர்கள் பலர் கடையைக் கட்டினார்கள். அப்பா வாங்கிய காட்சியறை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்தது. உற்பத்தியாளரின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மும்மொழியில் சொன்னது.

2014இல் ஒருநாள் வண்டி நடுவழியில் நின்றது. நின்றது என்பதைவிட இறுகிக்கொண்டது என்று சொல்வதே பொருந்தும். தள்ளினால் பின்சக்கரம் நகர மறுத்து விட்டு விட்டு இழுத்ததாம். ஏரிக்கரையிலிருந்து வீடுவரை அப்பா அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அதன்பின் நான்கு மாதம் அவர் வாசலைத் தாண்டவில்லை. யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றால் வேண்டாம் என்பார். செய்தித்தாளை மாலையிலும் ஒருமுறை படித்தார். பின்னர் அதையும் படிக்காமல் மடித்து வைக்கத் தொடங்கினார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தம்பி சொன்னபோது, "போடுங்கப்பா, எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு" என்றார். வண்டியைப் பற்றி மட்டும் அவர் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

தஞ்சையில் நான்கு இருசக்கர மெக்கானிக்குகள் பார்த்தார்கள். கார்புரேட்டர் இல்லாத வண்டியை அவர்கள் பார்த்த பார்வையில் ஒரு மரியாதைக் குறைவு இருந்தது. கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் வண்டிப் பட்டறையே அல்ல. கீழவாசல் பக்கம் போர்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் குறையக் குறைய இந்தக் கடைகள் பெருகின. மேட்டூரை ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளில் அவர்களுக்குத் தூக்கம் கிடையாது.

கடைக்காரர் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். மோட்டாரிலிருந்து வரும் மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்று தடித்த ஒயர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இது நம்ம த்ரீ பேஸ்தான் சார். உள்ளவெளிய மாத்திப் போட்டிருக்கான், அவ்வளவுதான்." வயல் மோட்டாரில் நடுத்தண்டு சுற்றும், இதில் காயில் அச்சில் நிற்க, காந்தம் பதித்த வெளிக்கூடு சக்கரமாகச் சுற்றுகிறது. மூன்று ஒயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து பிடுங்கினார். சக்கரம் எண்ணெய் போட்டதுபோல் உருண்டது. "கன்ட்ரோலர் உள்ள ஷார்ட் ஆயிருக்கு. அதான் மோட்டாரே பிரேக்கா நிக்குது. இந்த மூணையும் கழட்டிவிட்டிருந்தா ஐயா சும்மா உருட்டிக்கிட்டே வந்திருக்கலாம்." அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது. நம்மிடம் பொருளை விற்றவர்கள் எவரும் சொல்லாத ஒரு வரி அது.

இனி கன்ட்ரோலர். சென்னைக்குப் போயிருந்தபோது புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கேட்டேன். கம்பெனி பெயர் கேட்டார்கள், சொன்னேன், கைவிரித்தார்கள். ரிச்சி தெருவில் ஒரு பெரியவர்தான் கேள்வியை மாற்றினார். "பேரச் சொல்லாதீங்க. எத்தனை வோல்ட், எத்தனை வாட்?" 48 வோல்ட், 250 வாட் என்றேன். டெல்லியில் அப்போது சீனப் பாகங்களால் ஆன மின் ரிக்‌ஷாக்கள் பெருகியிருந்தன. அவற்றுக்கான சாமான் கடைகளில் கிடைக்கும் என்றார். கூரியரில் வந்தது. பெட்டியில் பெயரே இல்லை. அநாமதேயச் சரக்கு என்று நாம் இளக்காரமாகச் சொல்வோமே, அந்தப் பெயரின்மைதான் எங்களைக் காப்பாற்றியது. ஒரே வோல்ட்டில் யாருடைய கன்ட்ரோலரும் யாருடைய மோட்டாருக்கும் பொருந்தலாம். இன்றைய புது வண்டிகளில் பலவற்றில் கன்ட்ரோலர் தன் சொந்த பேட்டரியை அடையாளம் கண்டுகொண்டால்தான் வாய் திறக்கிறது. அவற்றைச் செய்த நிறுவனங்கள் மூடப்பட்டால் எந்தக் காயில்கடைக்காரரும் உதவ முடியாது.

ஒரு சிக்கல் மிஞ்சியது. புதிய கன்ட்ரோலரின் ஒயர் நிறங்கள் மோட்டாரின் நிறங்களோடு ஒத்துவரவில்லை. தடித்த ஒயர் மூன்று. காந்தம் எங்கே நிற்கிறதென்று சொல்லும் ஹால் சென்சாரின் மெல்லிய ஒயர் மூன்று. மெல்லியதை அப்படியே வைத்துக்கொண்டு தடித்ததை ஆறு விதமாக மாற்றலாம்; ஒன்றில்தான் ஒழுங்காக ஓடும். நேர், நிரை இரண்டையும் வைத்து எட்டு மூவசைச்சீர்களைக் கரும்பலகையில் எழுதிக்காட்டுகிறவன் நான். அவர் காகிதம் இல்லாமல் ஆறையும் முடித்தார். ஐந்தாவதில் சக்கரம் சத்தமின்றி, அழகாக, பின்னோக்கிச் சுற்றியது. கடைப் பையன்கள் சிரித்தார்கள். மெல்லியதில் இரண்டையும் தடித்ததில் இரண்டையும் இடம் மாற்றியதும் முன்னோக்கி வந்தது. மறுவாரம் அப்பா நூலகத்துக்குப் போனார்.

அதன்பின் எட்டு ஆண்டுகள் ஓடியது. ஒருமுறை ஹால் சென்சார் போனது. வண்டி குளிரில் நடுங்குவதுபோல் உதறியது. 41எஃப் என்று முகத்தில் எழுதிய, அரிசியைவிடச் சற்றே பெரிய சில்லு. விலை ஒரு தேநீர்ச் செலவுதான். அதை ஒட்டவைக்கக் கூட்டைப் பிரித்துக் காந்தத்தோடு மல்லுக்கட்டியதுதான் ஒருநாள் வேலை. நான்கு ஈய அமில பேட்டரிகளை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றினோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் வயலில் படுத்துவிட்டன. எங்கள் ஊரில் பல நாள் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்கள் டீசலில் உயிர்பெற்றதும், அப்பா இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பேட்டரியில் கம்பி எடுத்து, கார் சார்ஜர் ஒன்றைப் பொருத்தித் திண்ணையில் வைத்தார். சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகள் இருந்த வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர் வருகைப் பதிவேடுபோல ஒரு நோட்டில் பெயர் எழுதி, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார். பிறகு கடைக்காரர் கடிந்துகொண்டார்: "நாலுல ஒண்ண மட்டும் உறிஞ்சுனா மத்தது மூணும் சேந்து கெடும் வாத்தியாரய்யா." அப்பா, "கெடட்டும்" என்றார்.

2022இல் அப்பா காலமானார். வண்டி கொல்லையில் நின்றது. 2019 ஏப்ரலில் தொடங்கிய இரண்டாவது ஃபேம் திட்டத்தில் ஈய பேட்டரி வண்டிக்கு மானியம் இல்லாததால் அந்த இனமே அருகிவிட்டது. பழையதாக விலைக்குக் கேட்பவரும் இல்லை. சில மாதம் கழித்துக் கடைக்காரர் அழைத்தார். ஒரத்தநாடு பக்கம் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாவிடம் இதேபோல் ஒரு வண்டி, மழைநீர் இறங்கிக் காயில் கருகிவிட்டது, பின்சக்கரம் மட்டும் கிடைக்குமா என்றார். சக்கரத்தோடு கன்ட்ரோலரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆயிரத்தைந்நூறு ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை. "அப்ப ஒங்க வயல் மோட்டாரக் கொண்டாங்க சார், சும்மா கட்டித் தரேன்" என்றார். அந்த ஆண்டு குறுவைக்கு அது ஓடியது.