பூட்டின் மேல் பூட்டு

திங்கள்

நங்கநல்லூரில் தெருவுக்கு ஒரு வீடாவது இடிபட்டு ஃபிளாட் ஆகிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீடும் அதில் ஒன்று. புரொமோட்டர் சாவி தரும் வரை சாமான்களைக் கிண்டியில் ஒரு ஸ்டோரேஜ் கம்பெனியில் மாத வாடகைக்குப் போட்டிருக்கிறோம். நடுவில் வாடகையை அவர்களாகவே ஏற்றினார்கள். ஒப்பந்தத்தில் உள்ள தொகையைத்தான் நான் அனுப்பினேன். இன்று மெயில் வந்தது: வெள்ளிக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் சாமான் ஏலம்.

நேரில் போனேன். ஷட்டரில் என் பூட்டுக்கு மேலே சிவப்பாக ஒரு புதுப் பூட்டு. "சிஸ்டம்ல லாக் ஆயிடுச்சு சார்" என்றான் கவுன்ட்டர் பையன். பூட்டியது கம்ப்யூட்டர் போலிருக்கிறது!

செவ்வாய்

வக்கீல் அம்மா ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏலம் விட இவங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தா?"

1872 ஒப்பந்தச் சட்டத்தை விளக்கினார். பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலுத்தியவர், கூலி வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாம் என்கிறது 170-வது பிரிவு. தையற்காரர் சட்டையைத் தர மறுப்பது இந்த உரிமையில்தான். சும்மா இடம் கொடுத்தவருக்கு அது பொருந்தாது. வங்கி போன்ற சிலருக்கு மட்டும் 171-வது பிரிவு கூடுதல் உரிமை தருகிறது. மற்றவர்கள் அதை எழுதி வாங்கியிருக்க வேண்டும். அப்படியே பிடித்து வைக்கலாம் என்றாலும், விற்பது வேறு சங்கதி. நோட்டீஸ் கொடுத்து விற்கலாம் என்று 176 சொல்வது அடகு பிடித்தவருக்கு.

அமெரிக்க மாநிலங்களில் ஸ்டோரேஜ் கம்பெனி ஏலம் விடுவதற்கென்றே தனிச் சட்டங்கள் உண்டு. இங்கே அப்படி ஒன்று இல்லை. மெயிலின் வாசகத்தைப் பார்த்தால் அங்கிருந்து வெட்டி ஒட்டியது போலத்தான் தெரிகிறது.

புதன்

ஏலத்துக்குத் தடை கேட்டு வழக்குப் போடுவதென்று முடிவு. அஃபிடவிட்டுக்குச் சாமான் பட்டியல் கொண்டுபோனேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தேக்கு சோபா என்று விலைவாரியாக எழுதியிருந்தேன். கடைசியில் அம்மாவின் கொலுப் பெட்டிகள்: பண்ருட்டி பொம்மைகள், அவர் கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடி.

வக்கீல் அம்மா தலைகீழாக மாற்றினார். "சோபா போனா நஷ்ட ஈடு வாங்கிக்கோன்னு கோர்ட் சொல்லிடும் சார். மரப்பாச்சிக்கு என்ன ஈடு?" முதல் நோக்கில் வழக்கு இருக்க வேண்டும், தடை மறுத்தால் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று பார்க்க வேண்டும், பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பாக இருக்க வேண்டும்: கோர்ட் பார்ப்பது இம்மூன்றையும்தான். கடையில் போட்டால் நூறு ரூபாய் பெறாத பொம்மைகள் பிராதின் முதல் பத்திக்கு வந்துவிட்டன.

ஏற்றிய வாடகையை நான் கட்டாததையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னார். மறைத்து வாங்கிய தடை, எதிராளி வந்ததும் உடைந்துவிடுமாம்.

வியாழன்

நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறினால் உயர் நீதிமன்ற ஸ்டேஷன்வரை ஒரே வண்டி. அந்த வளாகத்தில்தான் சிட்டி சிவில் கோர்ட். கம்பெனி முன்கூட்டியே கேவியட் போட்டிருக்கிறதா என்று குமாஸ்தா பார்த்து வந்தார். போட்டிருந்தால் 90 நாளைக்கு அவர்களுக்குச் சொல்லாமல் உத்தரவு வாங்க முடியாது. நல்லவேளை, இல்லை.

நீதிபதி கேட்டது ஒன்றுதான்: நோட்டீஸ் கொடுக்காமல் ஏன்? வக்கீல் அம்மா மெயிலில் இருந்த தேதியைக் காட்டினார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை தந்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39-வது ஆர்டர், 3-வது விதி. பதிவு செய்தார். தகராறில் உள்ள வாடகை வித்தியாசத்தை நான் கோர்ட்டில் கட்ட வேண்டும். கம்பெனி ஏலம் விடக்கூடாது. மனு, பிராது நகல்களை உடனே எதிராளிக்கு அனுப்பி, அனுப்பிவிட்டதாகத் தடை தந்த மறுநாளுக்குள் அஃபிடவிட் போட வேண்டும். இந்த மனுவை 30 நாளில் முடிக்க கோர்ட் முயல வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

வெள்ளி

உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏலம் நின்றது. சிவப்புப் பூட்டு அப்படியே இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்ல வேறு மனுப் போட வேண்டும். அது இதைவிடக் கடினம் என்கிறார் வக்கீல் அம்மா.

சாமான் போடப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் 'விற்கலாம்' என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடித்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கோடவுன் பாருங்கள்.