பற்றறியும் வயரும் நானும்

பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற பெண்ணிடம் எங்கள் ஊரில் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறீர்களா? கோயில் குளத்துக்குப் போகிறீர்களா? இரண்டுக்கும் ஓம் என்றுதான் சொல்லுவேன். மூன்றாவதாக ஒரு அலுவல் இருக்கிறது, அதிகாலையில் எழும்பி றேடியோவில் மோர்ஸ் கேட்கிறேன், பின்னேரத்தில் வீட்டுக் கொம்பியூட்டர்களுக்கு வயர் இழுக்கிறேன் என்றால் முகத்தை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். ஆம்பிளை ஒருவர் இதைச் செய்தால் "அவருக்கு அதில் ஒரு விருப்பம்" என்பார்கள். எங்களைப் போல யுத்தத்தில் அடிபட்டு எழும்பிய பெண் செய்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். சரி, சொல்லுகிறேன்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே வந்தால் உப்புவெளிக்கு அப்பால் எங்கள் சாம்பல்தீவு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. உப்புக்காற்றில் எந்த இரும்பும் மூன்று மாரிக்கு மேல் நிற்காது. நான் தபால் திணைக்களத்தில் 1977இல் சேர்ந்து 2015இல் ஓய்வு பெற்றவள். பயிற்சியில் எங்களுக்கு மோர்ஸ் தந்தி பழக்கினார்கள். குற்றும் கோடும்தான் எழுத்து. ஆங்கில 'ஏ'க்கு ஒரு குற்று ஒரு கோடு, 'ஈ'க்கு ஒரே ஒரு குற்று. அதிகம் பாவிக்கும் எழுத்துக்குக் குறைந்த அடி. பழகிவிட்டால் எழுத்து எழுத்தாகக் கேட்காது, முழுச் சொல்லாகவே காதில் விழும்.

இன்னொன்றும் கேட்கும். அனுப்புகிறவரின் கை. ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு உண்டு, கையெழுத்தைப்போல. ஒருவர் கோட்டைச் சற்று நீட்டுவார், ஒருவர் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் ஓடுவார். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் இருந்து வரும் ஒரு கை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கையைத்தான் பிறகு கலியாணம் செய்தேன். 1990 ஆனியில் சண்டை தொடங்கி ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் எத்தனையோ பேரிடம் இதே கதை இருக்கிறது. அதனால் நீட்டவில்லை.

அந்த வருடங்களில் வானொலி எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பிபிசி தமிழோசையைத் தலையணைக்குக் கீழே வைத்துக் கேட்டோம். (1941இல் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 சித்திரையோடு நின்றுவிட்டது.) வடக்கில் பற்றறிக்கே தடை, அங்கே சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோ கேட்டார்கள். எங்கள் பக்கம் நான்கு பற்றறியை ஒன்றாக வாங்கினால் சென்றியில் நூறு கேள்வி வரும். கூரைக்கு மேலே ஒரு வயர் தெரிந்தாலே ஆபத்து. உடுப்புக் காயப்போடும் கம்பியைக்கூடக் கழற்றி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

இதே மாவட்டத்தில்தான் ஜேர்மனியின் டொய்ச்ச வெல வானொலி 1984 முதல் பெரிய அஞ்சல் நிலையம் ஒன்றை நடத்தியது. அங்கிருந்து ஆசியாவின் பல நாடுகளுக்குப் பேசினார்கள். 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அவ்வளவு வலுவான சத்தம் எங்கள் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், பக்கத்து ஊரில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அறிய நாங்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஒற்றைத் தாளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். கடல் வந்து போன பிறகு தொலைபேசி எதுவும் இல்லை. என் தமக்கை மூதூரில். வள்ளத்தில் நேரே பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற கரை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அறிய எனக்கு நான்கு நாள் எடுத்தது. அந்த நான்கு நாளும் சனம் கந்தோருக்கு வந்து சிறு சிறு துண்டுகளில் பெயர் எழுதித் தந்தது. அனுப்ப வழியில்லை என்று தெரிந்தும் வாங்கி வைத்தேன். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

சில மாதம் கழித்துத்தான் அந்தமான் சங்கதியை அறிந்தேன். பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி, 'ஹாம் றேடியோ' எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர். தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு போர்ட் பிளேயருக்கு வந்திருந்தார். 1987க்குப் பிறகு பல வருடம் அந்தத் தீவுகளில் அமெச்சூர் வானொலிக்கு அனுமதி இருக்கவில்லை. பெரும்பாடுபட்டு அனுமதி எடுத்து, உலகெங்கும் உள்ள பொழுதுபோக்குக்காரரோடு கதைக்கத்தான் அந்த மாதம் அங்கே நின்றார். பூமி நடுங்கியதும் அந்த விளையாட்டை நிறுத்தினார். தொலைபேசிகள் செயலிழந்த தீவிலிருந்து யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்ற செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினார். இலங்கையிலும் விக்டர் குணதிலக்கவும் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் சிற்றலைத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். ஒரு பெட்டி, ஒரு பற்றறி, ஒரு வயர். நடுவில் கோபுரம் இல்லை, கம்பம் இல்லை, கம்பனி இல்லை.

இது எப்படி முடிகிறது என்று என் பேத்தி கேட்டாள். அவள் உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிறாள், ஆனபடியால் சும்மா சொல்லித் தப்ப முடியாது. கைத்தொலைபேசியின் அலை பக்கத்தில் உள்ள கோபுரம் வரைதான் போகிறது. அதற்கப்பால் கம்பியும் மின்சாரமும் வேண்டும். சிற்றலை அப்படியல்ல. அது மேலே போய், தரையிலிருந்து நூறு, முந்நூறு கிலோமீற்றர் உயரத்தில் வெயில் பட்டு மின்னேற்றம் அடைந்த காற்றுப் படையில் முட்டி, வளைந்து கீழே வருகிறது. சுவரில் எறிந்த பந்துபோல. பகலில் 14 மெகாஹேர்ட்ஸ் பக்கம் தூரத்துக்குப் போகும். இரவிலும் விடியற்புறத்திலும் 7 மெகாஹேர்ட்ஸ் நல்லது. ஆகையால்தான் நான் நாலரைக்கு எழும்புகிறேன்.

முதலில் தேத்தண்ணி. பிறகு முற்றத்துத் தென்னைக்கும் முருங்கைக்கும் இடையில் கட்டிய சுமார் 20 மீற்றர் செப்புக் கம்பியைப் பெட்டியில் கொழுவுவேன். 7 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 42 மீற்றர் அளவில் வரும்; அதில் பாதி நீளக் கம்பி என்றால் நன்றாகப் பிடிக்கும். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும், மாதத்துக்கொரு முறை முனையைச் சுரண்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும், அதில் பஞ்சிப்படக் கூடாது. சாதாரண றேடியோவில் இவர்கள் பேச்சு வாத்துக் கத்துவதுபோலக் கேட்கும். எஸ்.எஸ்.பி. என்ற வசதி உள்ள பெட்டி வேண்டும். மகள் வாங்கி அனுப்பினாள்.

இந்தியர் 'வியூ' என்று தொடங்கிக் குறியீடு சொல்லுவார்கள். எங்கள் நாட்டுக்கு '4எஸ்', அவுஸ்திரேலியாவுக்கு 'வீகே'. சில விடியலில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லி, மழை எப்படி, முழங்கால் நோ எப்படி என்று விசாரிப்பது தெளிவாக விழும். அரசியல் இல்லை, சண்டை இல்லை. கேட்டுக்கொண்டே அரிசி புடைப்பேன். பிறகு மெதுவாக மோர்ஸ் பக்கம் போவேன். யாரோ ஒருவர், எந்த நாடோ, கோட்டை நீட்டித் தட்டுவார். கொஞ்ச நேரம் அதில் நிற்பேன். யாரையும் தேடி அல்ல. தேடுகிற இடங்கள் வேறு. அங்கெல்லாம் போய் வந்துவிட்டேன், 2018இல் காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வேலையைத் தொடங்கியபோது அங்கும் கோப்பைக் கொடுத்தேன். இது கேட்பதற்காகவே கேட்பது.

பேசலாமா என்றால் இன்னும் இல்லை. பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு சொல் அனுப்பினாலும் குற்றம். எழுபது வயதில் ஓமின் விதியைப் படிக்கிறேன். பேத்தி கேள்வி கேட்பாள், நான் மறுமொழி சொல்லுவேன். அவளும் என்னோடு சேர்ந்து எழுதப் போகிறாள்.

இனி வீட்டு நெற்வேர்க். இதைக் கேட்டால் சிலருக்குப் பயம். தபாலில் வேலை செய்த எனக்கு இது லேசாகத்தான் விளங்கியது. றவுட்டர் என்பது ஒரு உப தபாற்கந்தோர். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் கொம்பியூட்டருக்கும் அது 192.168.1.10 மாதிரி ஒரு இலக்கம் கொடுக்கிறது. இதே இலக்கம் உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. ஆனாலும் மாறிப் போகாது, ஏனென்றால் அது வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும். ஊருக்கு ஊர் கோயில் வீதி இருப்பதைப்போல. பலருக்குத் தெரியாத சங்கதி, இன்ரநெற் நின்றாலும் வீட்டு நெற்வேர்க் நிற்காது. ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு, எங்கள் வீட்டிலிருந்து முப்பது மீற்றர் தள்ளியுள்ள மகளின் வீட்டுக்கு, கோப்புகள் போய்வரும். அந்த வயரை நூறு மீற்றர் வரை இழுக்கலாம். பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டு நானும் பேத்தியும் மண்ணில் புதைத்தோம். முதலில் மேலால் கட்டியதை அணில் கொறித்துவிட்டது.

இந்த இரண்டு பொழுதுபோக்குக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. றவுட்டரை மின்சாரத்தில் செருகினால் அதன் மலிவு அடப்டர் போடும் இரைச்சல் றேடியோ முழுக்கக் கேட்கும். எல்.ஈ.டி. பல்பும் அப்படித்தான், போன் சார்ஜரும் அப்படித்தான். விடியலில் நான் மெயின் சுவிச்சையே நிறுத்தப்போய் வீட்டில் சண்டை வந்தது. பிறகு பார்த்தால் எங்கள் றவுட்டருக்குத் தேவை 12 வோல்ற்தான், வாகன பற்றறியின் அதே அளவு. ஒரு பியூசைப் போட்டு நேரே பற்றறியில் கொடுத்தோம். இரைச்சல் போயிற்று. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது அதே ஏற்பாடு கைகொடுத்தது. பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் எங்கள் விறாந்தையில் இருந்து, முதலே இறக்கி வைத்த பாடங்களைப் படித்தார்கள்.

ஆனால் அந்த நெற்வேர்க்கில் நான் காப்பாற்றுவது பாடங்களை மட்டும் அல்ல, துண்டுகளை. எங்களைப் போன்றவர்களின் சீவியமே துண்டுகளில்தான் கிடக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவை அட்டை, கிராம அலுவலர் கடிதம், காணி உறுதி, ஆணைக்குழுக்களுக்கு எழுதிய மனுக்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் சோறு விட்டுப் போனாலும் இந்தப் பையை விடவில்லை. ஒரு ஸ்கானரை வைத்து என்னுடையதை எடுத்தேன். பிறகு அயலவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கோவை, தனிக் கடவுச்சொல். ஒரு பிரதி என் வீட்டுத் தட்டில், ஒன்று மகள் வீட்டில், மூன்றாவது ஒரு பென்டிரைவில் அவரவர் கையில். ஒரே இடத்தில் இரண்டு பிரதி இருந்தால் அது ஒரு பிரதிதான். கடலும் ஷெல்லும் எங்களுக்கு அதைப் படிப்பித்துவிட்டன. இன்ரநெற்றில் எதையும் ஏற்றுவதில்லை. யாருடைய கண் படும் என்று யோசிக்கிற பழக்கம் எங்களுக்குப் போகாது, போகவும் தேவையில்லை.

2020 மார்கழி 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. எங்கள் பக்கம் ஓடு பறந்த வீடுகளில் ஒன்று, மகனைத் தொலைத்த ஒரு அம்மாவுடையது. பை நனைந்து, தாள்கள் ஒட்டி, மகனின் ஒரே படம் வெள்ளையாகப் போய்விட்டது. நாங்கள் அந்த ஆவணியில்தான் அவவின் துண்டுகளை எடுத்து வைத்திருந்தோம். பட்டினத்தில் கலர் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவ படத்தைப் பார்க்கவில்லை, முதலில் எண்ணினா. பதினேழு தாள். பதினேழும் சரி என்று சொல்லிவிட்டுத்தான் படத்தை எடுத்தா.

இப்போது மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு கிழமையில் இரண்டு நாள் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு பிள்ளை கொம்பியூட்டர் படித்திருந்தால் இதைச் செய்யலாம். பழைய துண்டுகளை லமினேற் பண்ணாதீர்கள். வெளிச்சம் பட்டுப் பளபளத்து எழுத்து விழாது, பிறகு உரிக்கவும் முடியாது. துருப்பிடித்த பின்னூசியை மெல்லக் கழற்றுங்கள். படங்கள் இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். திகதி, இடம், சிலவேளை அவரே எழுதிய ஒரு சொல் அங்கேதான் இருக்கும்.